83-இல் நிற்காதீர்கள், 100-க்குப் போங்கள்: பழைய மதர்போர்டில் பஸ் வேகமும் டிவைடரும்

செலரான் 300ஏ என்ற இன்டெல் சிபியு பொருத்திய பழைய கணினி ஒன்று கைக்கு வந்ததும் புதியவர்கள் செய்வது பெரும்பாலும் இதுதான்: பஸ் வேகத்தை, அதாவது மதர்போர்டில் தரவு போய்வரும் பாதையின் வேகத்தை, 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 75-க்கு ஏற்றிப் பார்ப்பார்கள். ஓடினால் 83. அதுவும் ஓடினால் 100. படிப்படியாக ஏறுவதுதான் ஜாக்கிரதை என்று தோன்றும். ஆனால் இந்தத் தலைமுறை மதர்போர்டுகளில் கணக்கு வேறு. 83 மெகாஹெர்ட்ஸில் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் கோப்புகள் கெட்டுப்போகலாம். 100-இல் அதே ஹார்டு டிஸ்க் தனக்கு விதித்த வேகத்திலேயே நிம்மதியாக ஓடும். இந்த முரணைப் புரிந்துகொண்டால் பழைய கணினியை ஓவர்க்ளாக் செய்வதில், அதாவது விதித்ததைவிட வேகமாக ஓட்டுவதில், பாதி வேலை முடிந்தது.

இங்கே விளக்கம் முழுவதும் இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட்டை (சிபியு, ராம், கார்டுகளை இணைக்கும் சிப் தொகுதி) வைத்தே போகிறது. 1998 ஏப்ரலில் வந்த இந்த சிப்செட் உள்ள அபிட் பிஎச்6, அசுஸ் பி3பி-எஃப் போன்ற போர்டுகளைப் பழைய விளையாட்டுகளுக்காகக் கணினி கட்டுபவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஏஎம்டியின் அத்லான், இன்டெல்லின் பென்டியம் 4 ஆகியவற்றுக்கான போர்டுகளில் என்ன மாறியது என்பது கடைசியில் வரும்.

ஒரு கிளாக், பல வேகங்கள்

போர்டில் 14.318 மெகாஹெர்ட்ஸ் என்று பொறித்த சின்ன வெள்ளி நிறக் கிறிஸ்டல் ஒன்று இருக்கும். அதை ஒட்டியிருக்கும் சிப்தான் கிளாக் ஜெனரேட்டர். கிறிஸ்டலின் துடிப்பை வைத்து இந்தச் சிப் எஃப்எஸ்பி எனப்படும் முதன்மை பஸ் வேகத்தை உண்டாக்குகிறது. மற்ற வேகங்களில் பெரும்பாலானவை இந்த எஃப்எஸ்பியைச் சார்ந்தே நிற்கின்றன.

சிபியு அதைத் தனக்குள்ளே பெருக்கிக்கொள்கிறது. 300ஏ-இன் மல்டிப்ளையர் 4.5, ஆகவே 66.6 × 4.5 = 300. அந்த 4.5-ஐ இன்டெல் பூட்டிவிட்டதால் நம் கையில் இருப்பது எஃப்எஸ்பி மட்டுமே. 440பிஎக்ஸில் ராம் எஃப்எஸ்பி வேகத்திலேயே ஓடும். அதைத் தனியாகக் குறைக்க வழியில்லை. கார்டுகள் செருகும் பிசிஐ பஸ்ஸும் கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஏஜிபி பஸ்ஸும் எஃப்எஸ்பியை ஒரு எண்ணால் வகுத்துக் கிடைப்பவை. அந்த வகுத்தல்தான் டிவைடர். பிசிஐ ஓட வேண்டிய வேகம் 33.3, ஏஜிபி ஓட வேண்டியது 66.6. பழைய ஐஎஸ்ஏ பஸ் பிசிஐயில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 8.3, பிசிஐ ஏறினால் ஐஎஸ்ஏ சவுண்டு கார்டும் கூடவே ஏறும்.

யுஎஸ்பிக்கு 48 மெகாஹெர்ட்ஸ் தனியாகக் கிடைக்கிறது. மணி காட்டும் கடிகாரத்துக்கு 32.768 கிலோஹெர்ட்ஸ் கிறிஸ்டல் தனியாக உண்டு. இவை இரண்டையும் ஓவர்க்ளாக் தொடுவதில்லை.

இப்போது 440பிஎக்ஸின் படிகளைப் பாருங்கள். எல்லாம் மெகாஹெர்ட்ஸில்:

எஃப்எஸ்பி 66: பிசிஐ 1/2-இல் 33, ஏஜிபி 1/1-இல் 66
எஃப்எஸ்பி 75: பிசிஐ 37.5, ஏஜிபி 75
எஃப்எஸ்பி 83: பிசிஐ 41.6, ஏஜிபி 83
எஃப்எஸ்பி 100: பிசிஐ 1/3-இல் 33, ஏஜிபி 2/3-இல் 66
எஃப்எஸ்பி 112: பிசிஐ 37.3, ஏஜிபி 75
எஃப்எஸ்பி 124: பிசிஐ 1/3-இல் 41.3, 1/4-இல் 31, ஏஜிபி 83
எஃப்எஸ்பி 133: பிசிஐ 1/4-இல் 33, ஏஜிபி 89

டிவைடர் மாறும் இடத்தில் பிசிஐ வேகம் 41-இலிருந்து 33-க்கு இறங்குகிறது. 83-இல் திணறிய கார்டு 100-இல் ஒழுங்காக ஓடுவதற்குக் காரணம் இதுதான். 37.5 வரை பெரும்பாலான பிசிஐ கார்டுகள் தாங்கும். 40-ஐத் தாண்டினால் லாட்டரி.

ஹார்டு டிஸ்க்தான் முதல் பலி. போர்டில் ஹார்டு டிஸ்க்கை இயக்கும் ஐடிஇ கன்ட்ரோலர் நேரத்தை பிசிஐ துடிப்புகளை எண்ணித்தான் கணக்கிடுகிறது. பிசிஐ 33-இலிருந்து 41.6 ஆனால், யுடிஎம்ஏ 33 என்ற தரவு வேகத்தைப் பேசிவைத்த ஹார்டு டிஸ்க்கிடம் அது அதைவிடக் கால்வாசி வேகமாகப் பேசத் தொடங்கும். யுடிஎம்ஏ கேபிளில் நடக்கும் பிழையைப் பிடிக்க சிஆர்சி சோதனை உண்டு. ஆனால் கன்ட்ரோலருக்கும் நினைவகத்துக்கும் நடுவில், பிசிஐ பாதையில் ஒரு பிட் மாறினால் கேட்க ஆளில்லை. பிசிஐயில் பாரிட்டி என்ற பிழைச் சோதனை இருந்தாலும் பெரும்பாலான வீட்டுக் கணினிகள் அதைக் கண்டுகொள்வதில்லை. அதனால் கணினி ஓடிக்கொண்டே இருக்கும், கோப்பு மட்டும் சத்தமில்லாமல் கெடும். பத்து நாள் கழித்து விண்டோஸ் 98 ரெஜிஸ்ட்ரி பழுது என்று சொல்லும்போது, காரணம் பஸ் வேகம் என்று யாருக்கும் தோன்றாது.

உங்கள் சிபியு எந்தப் படியில் நிற்கும்?

மல்டிப்ளையரைக் கண்டுபிடியுங்கள்: சிபியுவின் மேல் எழுதிய வேகத்தை அதன் இயல்பான எஃப்எஸ்பியால் வகுத்தால் போதும். பிறகு அந்த எண்ணை 100-ஆலும் 133-ஆலும் பெருக்கிப் பாருங்கள்.

செலரான் 300ஏ: 4.5 × 100 = 450. இந்தச் சிபியு பெயர் வாங்கியதே இதற்காகத்தான். 128 கேபி எல்2 கேஷ் (சிபியுவுக்குள்ளேயே உள்ள சிறு நினைவகம்) சிபியுவின் முழு வேகத்தில் ஓடுவதால் 450-இல் அது விலை உயர்ந்த பென்டியம் II-வுக்குச் சரிசமமாக நின்றது. செலரான் 366: 5.5 × 100 = 550; பல சிபியுக்கள் எட்டும், எல்லாம் எட்டாது. செலரான் 466: 7 × 100 = 700. இதற்கு வாய்ப்பே இல்லை. 83-இல் 583 என்பது ஆசை காட்டும். அது மேலே சொன்ன 41.6 வலையில் கொண்டுபோய் விடும். 466 வைத்திருப்பவர்கள் 66-இலேயே விட்டுவிடுவது மேல். மிஞ்சினால் 75.

மல்டிப்ளையர் குறைந்த சிபியு, மல்டிப்ளையர் உயர்ந்த சிபியுவைவிட நல்லது என்ற இந்தக் கணக்கு வாங்கும்போதே நினைவில் இருக்கட்டும்.

தொடங்கும் முன்

ராம்: பிசி133 (133 மெகாஹெர்ட்ஸுக்கானது) என்று எழுதிய டிம்மையே (ராம் பலகை) வாங்குங்கள். 100-இல் ஓட்டினாலும் அதுவே நல்லது. பெரும்பாலானவை 100-இல் சிஎல்2 டைமிங்கிலும் (ராம் பதில் தர எடுக்கும் துடிப்புகள்; எண் குறைந்தால் வேகம்) நிற்கும். பிசி66 டிம்மை நம்பி 100-க்குப் போகாதீர்கள். 440பிஎக்ஸுக்கென்று ஒரு விசித்திரம் உண்டு: 256 எம்பி டிம்மில் 16 சிப்கள் இருக்க வேண்டும். 8 சிப் மட்டும் உள்ள 256 எம்பி டிம்மை இந்தச் சிப்செட் 128 எம்பி என்றுதான் காட்டும். டிம் பழுது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

போர்டு: சிபியுவைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். உப்பியிருந்தாலோ அடியில் பழுப்புக் கசிவு தெரிந்தாலோ முதலில் அதை மாற்ற வேண்டும். அந்த போர்டில் எந்த ஓவர்க்ளாக்கும் நிலைக்காது. சிஆர்2032 பேட்டரியையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

சூடு: பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். சுரண்டித் துடைத்து, உளுந்து அளவு புதிய பேஸ்ட் வைத்து ஹீட்சிங்க்கை மாட்டுங்கள். மின்விசிறி தடங்கலில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

ஹார்டு டிஸ்க்: போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒன்றை மட்டும் மாட்டுங்கள். தேவையான கோப்புகள் உள்ள டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைப்பதுதான் உண்மையான காப்பு.

66-இலிருந்து 100: ஒவ்வொன்றாக

முதலில் எதையும் மாற்றாமல் 66-இல் மெம்டெஸ்ட்86+ என்ற ராம் சோதனை நிரலை ஓட்டுங்கள். இயல்பான வேகத்திலேயே பிழை வந்தால் அது பழுதான டிம். இதைத் தாண்டாமல் மேலே போனால் எந்தப் பிழை எதனால் வந்தது என்று பிரிக்கவே முடியாது.

அடுத்து பயாஸ், கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை. அபிட் போர்டுகளில் சாஃப்ட்மெனு என்ற பக்கத்தில் எல்லாம் இருக்கும். எஃப்எஸ்பியை நேராக 100-க்கு மாற்றுங்கள். 75, 83 வழியாகப் போகத் தேவையில்லை. அதே பக்கத்தில் ஏஜிபி கிளாக்குக்கும் சிபியு கிளாக்குக்கும் உள்ள விகிதம் 1/1 அல்லது 2/3 என்று கேட்கும். அதை 2/3-க்கு மாற்றுங்கள். புதியவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். 1/1 என்றே இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டு 100 மெகாஹெர்ட்ஸில் ஓட முயலும், திரை கறுப்பாகவே கிடக்கும், பழி சிபியு மேல் விழும்.

ராம் டைமிங்கை சிஎல்3-இல் வையுங்கள். நிலைத்த பிறகு சிஎல்2-க்கு இறக்கலாம். சிபியு வோல்டேஜ் 2.0 என்றே இருக்கட்டும்.

வேகத்தை ஜம்பர் என்ற சிறு செருகிகளால் மாற்றும் போர்டு என்றால் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, போர்டின் மேலேயே அச்சிட்டிருக்கும் அட்டவணையைப் பார்த்து ஜம்பர்களை மாற்றுங்கள். இரண்டுமே இல்லாத, தானாகவே வேகத்தைக் கண்டுபிடிக்கும் போர்டுகளும் உண்டு. ஸ்லாட் 1 செலரானின் பி21 என்ற முனை தரையோடு இணைந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் போர்டு 66 என்று முடிவு செய்கிறது. அந்த ஒரு முனையை மறைத்துவிட்டால் 100 என்று எடுத்துக்கொள்ளும். டேப் ஒட்டினால் ஸ்லாட்டில் செருகும்போது சுருண்டுவிடும். நகப் பாலிஷ் ஒரு மெல்லிய பூச்சு போதும், பின்னால் அசிட்டோனில் துடைத்துவிடலாம். பக்கத்து முனையில் படக்கூடாது. எந்த முனை பி21 என்பதை ஸ்லாட் 1 முனை வரைபடத்தோடு இரண்டு முறை ஒப்பிட்ட பிறகே பாலிஷ் பாட்டிலைத் திறங்கள்.

இப்போது இயக்குங்கள். 450 என்று திரையில் வந்தால் மகிழ்ச்சி, ஆனால் அது எதையும் நிரூபிக்கவில்லை. ஹார்டு டிஸ்க் இல்லாமலே, ஃப்ளாப்பியிலோ சிடியிலோ இருந்து மெம்டெஸ்ட் மூன்று முழுச் சுற்று ஓட வேண்டும். பிழை எப்போதும் ஒரே முகவரியில் வந்தால் டிம் பழுது. அங்கங்கே சிதறி வந்தால் வேகமோ டைமிங்கோ ஒத்துவரவில்லை.

பிறகு அந்த உதிரி டிஸ்க்கில் விண்டோஸ் நிறுவி, சிபியுவைச் சோதிக்கும் பிரைம்95 நிரலின் டார்ச்சர் டெஸ்ட்டை ஓர் இரவு முழுக்க விடுங்கள். ரவுண்டிங் பிழை என்று நின்றால் சிபியுவுக்கு வோல்டேஜ் போதவில்லை அல்லது சூடு அதிகம். 2.05 கொடுத்துப் பாருங்கள், பிறகு 2.1. 2.2-க்கு மேல் போக வேண்டாம். சூடு வேகத்தோடு நேராகவும் வோல்டேஜோடு இருமடியாகவும் ஏறும்: 300-இலிருந்து 450 என்பது 1.5 மடங்கு, 2.0-இலிருந்து 2.2 என்பது 1.21 மடங்கு. இரண்டும் சேர்ந்தால் பழைய ஹீட்சிங்க் 1.8 மடங்கு சூட்டை இறக்க வேண்டியிருக்கும். மார்கழியில் நின்ற வேகம் சித்திரையில் நிற்காமல் போவதும் இதனால்தான். கடைசிச் சோதனையை மதிய வெயிலில் வைத்துக்கொள்வது நல்லது.

பலர் விட்டுவிடும் சோதனை ஒன்று பாக்கி: கோப்பு ஒப்பீடு. ராமின் அளவைவிடப் பெரிய கோப்பு ஒன்றை, 128 எம்பி ராம் என்றால் 500 எம்பி கோப்பை, டிஸ்க்கிலேயே நகலெடுத்து, எஃப்சி கட்டளையால் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். கோப்பு சிறிதாக இருந்தால் விண்டோஸ் கேஷிலிருந்தே எடுத்துக் காட்டிவிடும், டிஸ்க்கைத் தொடவே தொடாது. பத்து முறை நகலெடுத்து ஒரு பைட்கூட மாறாமல் இருந்தால்தான் அந்த பஸ் வேகத்தை நம்பலாம்.

கோளாறு வந்தால் எங்கே தேடுவது

மின்விசிறி சுற்றுகிறது, திரை வரவில்லை: அபிட் போர்டில் இன்சர்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி இயக்கினால் இயல்பான வேகத்துக்குத் திரும்பும். திரும்பவில்லை என்றால் சிமாஸ் கிளியர் ஜம்பரால் பயாஸ் அமைப்புகளை அழியுங்கள்.

பயாஸ் வருகிறது, விண்டோஸ் ஏறும்போது உறைகிறது: பெரும்பாலும் சிபியு வோல்டேஜ்.

முப்பரிமாண விளையாட்டில் மட்டும் கோடுகளும் சிதறல்களும் வருகின்றன: ஏஜிபி. பயாஸில் ஏஜிபி 2எக்ஸ் என்பதை 1எக்ஸ் ஆக்கிப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் ஏஜிபி கார்டைக் கழற்றிவிட்டு ஏதாவது ஒரு பிசிஐ கிராஃபிக்ஸ் கார்டோடு சோதியுங்கள்.

சவுண்டு கரகரக்கிறது, நெட்வொர்க் அறுந்து அறுந்து வருகிறது: பிசிஐ அல்லது ஐஎஸ்ஏ வேகம். 100-இல் இது வந்தால் டிவைடர் 1/3-க்கு மாறவில்லை என்று சந்தேகப்படுங்கள். மாறாமல் போனால் பிசிஐ 50-இல் ஓடும்.

133: அடுத்த மேடு

300ஏ-க்கு 133 எட்டாக் கனி. இந்தப் படி 1999 அக்டோபரில் வந்த காப்பர்மைன் வகை பென்டியம் III-க்கு உரியது. 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுக்கான 650 சிபியு 6.5 × 133 = 866-இல் ஓடும், 700 என்றால் 933. அதற்கு மேல் ரொம்ப ஆசைப்படக் கூடாது: இன்டெல் தானே விற்ற 1.13 கிகாஹெர்ட்ஸ் காப்பர்மைனை 2000 ஆகஸ்டில் திரும்பப் பெற வேண்டி வந்தது. அந்தச் சிலிக்கனின் எல்லை எங்கே என்று அதுவே சொல்கிறது.

காப்பர்மைனுக்குத் தேவையான 1.65 வோல்ட்டை போர்டு கொடுக்குமா என்று முதலில் பாருங்கள். ஆரம்பகால 440பிஎக்ஸ் போர்டுகள் பலவற்றில் 1.8-க்குக் கீழே இறங்க வழியில்லை. இரண்டாவது, 1/4 பிசிஐ டிவைடர் இருக்கிறதா என்பது. இது கிளாக் ஜெனரேட்டரைப் பொறுத்தது. எல்லா போர்டிலும் இல்லை. பயாஸில் 133-க்குப் பக்கத்தில் 1/4 என்று எழுதியிருக்க வேண்டும். 1/3 மட்டும் இருந்தால் பிசிஐ 44-க்குப் போய்விடும். அந்த போர்டில் 112-உடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தொல்லைக்கு பயாஸில் மருந்து இல்லை. 440பிஎக்ஸில் ஏஜிபிக்கு 1/2 டிவைடர் கிடையாது. 133-இல் கிராஃபிக்ஸ் கார்டு 89-இல்தான் ஓடியாக வேண்டும். என்விடியா ஜீஃபோர்ஸ் வரிசைக் கார்டுகள் பொதுவாக இதைத் தாங்கிப் பெயர் பெற்றவை. தாங்காத கார்டு என்றால் பிசிஐ கார்டுக்கு மாறுங்கள். அதற்கு 33 மெகாஹெர்ட்ஸ்தான் போகும். 2000 ஜூனில் வந்த இன்டெல் 815-இல் 1/2 ஏஜிபி டிவைடர் உண்டு என்பதால் 133 அங்கே இயல்பான வேகம். ஆனாலும் அது 512 எம்பி ராமுக்கு மேல் ஏற்காது என்பதால் 440பிஎக்ஸ்காரர்கள் பலர் மாறவில்லை.

அத்லான், பென்டியம் 4

இங்கே முதல் குழப்பம் எண்களில். அத்லான் பெட்டியில் 266 என்றிருந்தால் உண்மையான கிளாக் 133. ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போகிறது. பென்டியம் 4-இல் 800 என்றால் 200, நான்கு முறை. டிவைடர் கணக்குக்கு உண்மையான கிளாக்கையே எடுங்கள்.

அத்லானுக்கான வயா கேடி133ஏ சிப்செட்டில் 133-க்கு பிசிஐ 1/4, ஏஜிபி 1/2. அங்கிருந்து 150-க்குப் போனால் பிசிஐ 37.5, 160-இல் 40. அதே பழைய வலை, எண்கள் மட்டும் வேறு. இதை அறுத்தது என்விடியாவின் என்ஃபோர்ஸ்2 சிப்செட். அதில் ஏஜிபியையும் பிசிஐயையும் 66, 33 என்று பூட்டிவிட்டு எஃப்எஸ்பியை மட்டும் தனியாக ஏற்றலாம். அத்லான் எக்ஸ்பி 2500+ பார்ட்டனை 11 × 166-இலிருந்து 11 × 200 ஆக்கினால் 2200 மெகாஹெர்ட்ஸ், அதாவது 3200+ விற்ற அதே வேகம்.

பென்டியம் 4-க்கான இன்டெல் 865பிஇ, 875பி போர்டுகளிலும் இந்தப் பூட்டு உண்டு. பயாஸில் ஆட்டோ என்று விடாமல் 66/33 என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். இங்கே கவனிக்க வேண்டிய டிவைடர் ராமுக்கானது. 2.4சி சிபியு 12 × 200. எஃப்எஸ்பியை 250 ஆக்கினால் 3 கிகாஹெர்ட்ஸ். ராம் 1:1-இல் இருந்தால் அதுவும் 250-க்குப் போகும், சாதாரண டிடிஆர்400 டிம் அங்கே நிற்காது. 5:4 வைத்தால் ராம் 200-இல் நிற்கும். பயாஸில் 5:4 என்று எழுதாமல் 320 அல்லது 333 என்று இருக்கலாம். 200 பஸ்ஸுக்குப் போட்டு இரட்டித்த கணக்கு அது, டிடிஆர் ராமிலும் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போகிறது. 3:2 வைத்தால் 166, பயாஸில் அது 266 என்ற பெயரில் இருக்கும்.

அத்லான் 64-இல் பூட்டு போர்டைப் பொறுத்தது: வயா கே8டி800-இல் இல்லை, அதன் ப்ரோ பதிப்பிலும் என்ஃபோர்ஸ்3 250-இலும் உண்டு. சாக்கெட் 939-இல் ஹைப்பர்டிரான்ஸ்போர்ட் (சிபியுவையும் சிப்செட்டையும் இணைக்கும் பாதை) 200 × 5 = 1000; அடிப்படைக் கிளாக்கை 250 ஆக்கும்போது அந்த 5-ஐ 4 ஆக்கிவிட்டால் மறுபடி 1000.